பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? ஹோம் ஸ்கூலிங் சட்டம் ஊருக்கு ஊர் மாறுவது எப்படி?

செஞ்சியில் உட்கார்ந்து யூடியூப்பில் ‘ஹோம் ஸ்கூலிங்’ என்று தேடினால், வரிசையாக அமெரிக்க வீடியோக்கள் வந்து நிற்கும். ஒருவர், ‘எங்க மாநிலத்துல யார்கிட்டயும் சொல்லவே வேண்டாம்’ என்பார். இன்னொருவர், ‘மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட் கொடுக்கணும்’ என்பார். இரண்டும் உண்மைதான். ஆனால், இரண்டுமே விழுப்புரம் மாவட்டத்துக்குப் பொருந்தாது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிகிறது என்பதால் சொந்த ஊருக்குத் திரும்பி, ‘பிள்ளையை நாமே படிக்க வைத்தால் என்ன?’ என்று யோசிக்கும் இளம் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் ஹோம் ஸ்கூலிங்குக்கு வெளிப்படையாக அனுமதி தரும் மத்தியச் சட்டம் இல்லை. அப்படிப் படிக்க வைக்கும் பெற்றோரைத் தண்டிக்கும் பிரிவும் அதில் இல்லை. பெரும்பாலும் சிக்கல் வருவது பிறகுதான், சான்றிதழ் கேட்கும் இடத்தில்.

சட்டம் என்ன சொல்கிறது?

2002-ல் அரசியல் சட்டத்தில் செய்யப்பட்ட 86-வது திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதைச் செயல்படுத்த வந்ததுதான் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதாவது ஆர்டிஇ. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் 10-வது பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் என்ன தண்டனை? அதுபற்றி ஆர்டிஇ எதுவும் சொல்லவில்லை. கட்டாயம் என்ற சொல்லின் சுமையை அது முக்கியமாக அரசின் மீதுதான் வைக்கிறது. பள்ளி கட்டுவது, இடம் தருவது, வருகையை உறுதி செய்வது எல்லாம் அரசின் பொறுப்பு.

அப்படியானால் வீட்டில் படிக்க வைப்பது சரியா, தவறா? 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், விருப்பப்பட்டு வீட்டில் கற்பிப்பதற்கு ஆர்டிஇ தடையாக இல்லை என்று மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பெற்றோர் நிம்மதி அடைவதற்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தத் தெளிவின்மை இன்றும் தொடர்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சட்டம் வீட்டுக் கல்வியை நேரடியாகச் சொல்கிறது. 2012-ல் வந்த ஆர்டிஇ திருத்தத்தின்படி, பல்வகை அல்லது கடுமையான மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்வு செய்யலாம். தமிழ்நாட்டில் இவர்களுக்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்பாசிரியர்கள் வீட்டுக்கே போய்க் கற்பிக்கிறார்கள்.

இதை ‘இல்லம் தேடிக் கல்வி’யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2021 அக்டோபரில் இதே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் சொல்லித்தருவது. அது பள்ளிக்கு மாற்று அல்ல.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது எது?

கல்வி, 1976 முதல் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றலாம். ஆர்டிஇ வருவதற்கு முன்பே பல மாநிலங்கள் தனித்தனியாகக் கட்டாயக் கல்விச் சட்டங்களைப் போட்டிருந்தன. தமிழ்நாட்டிலும் 1994-ல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய மாநிலச் சட்டங்கள் சிலவற்றில் பெற்றோருக்குச் சிறு அபராதம்கூட உண்டு.

இன்று ஆர்டிஇ எல்லோருக்கும் பொது. ஆனால், அதற்கான விதிகளை மாநிலங்கள் தனித்தனியாக வகுக்கின்றன. தமிழ்நாட்டின் விதிகள் 2011-ல் வந்தன. பாடத்திட்டம், தேர்ச்சி முறை, இட ஒதுக்கீடு, உதவித்தொகை என அன்றாடம் பாதிக்கும் விஷயங்களில்தான் மாநிலங்களுக்கு இடையே வித்தியாசம் அதிகம்.

பக்கத்திலிருக்கும் புதுச்சேரியையே பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. செஞ்சியில் வீட்டிலிருந்து படித்த பிள்ளை நாளை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் சேர்வதா, புதுச்சேரி அரசுப் பள்ளியில் சேர்வதா என்பதைப் பொறுத்து, இன்று கையில் எடுக்க வேண்டிய புத்தகமே மாறும். 5, 8-ம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது. தமிழ்நாடோ 8-ம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்ற முறையையே தொடர்கிறது.

வீட்டுக்கு ஆசிரியர் வந்து கேட்டால்?

தமிழ்நாட்டில் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடக்கிறது. வட்டார வள மையப் பணியாளர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாக வருவார்கள். அவர்கள் தேடுவது, கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ பெற்றோருடன் இடம்பெயர்ந்து படிப்பை விட்ட பிள்ளைகளையும், படிக்க வேண்டிய வயதில் வேலைக்குப் போகும் பிள்ளைகளையும். இந்தக் கணக்கெடுப்பால் மீண்டும் வகுப்பறைக்கு வந்த பிள்ளைகள் உண்டு.

எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் பெயர் இல்லையென்றால், லேப்டாப்பில் கோடிங் கற்கும் பிள்ளையும் அந்தப் பட்டியலில் வரலாம். ‘எங்களை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்?’ என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. வீட்டில் படிப்பு நடக்கிறதா, வேலை நடக்கிறதா என்பதைப் பார்க்காமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எந்தப் பாடத்திட்டம், எந்தத் தேர்வு, பிள்ளை செய்த பயிற்சிகள் ஆகியவற்றைக் கோப்பாக வைத்திருந்தால் பேச்சு சுமுகமாக முடிய வாய்ப்பு அதிகம்.

இன்னொரு எச்சரிக்கை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் இடம் பிடித்து, ஆசிரியர் வைத்து, தினமும் வகுப்பு நடத்தினால் அதை அங்கீகாரமில்லாத பள்ளியாக அதிகாரிகள் கருதலாம். ஆர்டிஇ 18-வது பிரிவின்படி அதற்கு ரூ.1 லட்சம் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு ரூ.10,000 வரை.

சான்றிதழுக்கு என்ன வழி?

செஞ்சிப் பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் நடத்த நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். ராஜகிரி ஏறிக்கொண்டே ராஜாராம் காலத்து முற்றுகையைச் சொல்லித்தரலாம். ஆனால், மார்க் ஷீட் வேறு இடத்தில்தான் வாங்க வேண்டும். முக்கியமான வழிகள் மூன்று.

என்ஐஓஎஸ்: 1989-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிரம்பினால் 10-ம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழிப்பாடம் உட்பட 5 பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வித் திட்டமும் உண்டு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுதலாமா என்ற நீண்ட வழக்கு, எழுதலாம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது.

மாநில அரசின் தனித்தேர்வு: அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் 8-ம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிரம்பியவர்கள் நேரடியாக எழுதலாம். பிறகு 10-ம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுத முடியும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பலர் இதில் கோட்டைவிடுகிறார்கள்.

சர்வதேசத் தேர்வு: கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பாடத்துக்குப் பாடம் கட்டணம் என்பதால் செலவு அதிகம்.

தமிழ்நாட்டில் எதை இழக்க நேரும்?

இந்தக் கணக்கைப் போடாமல் முடிவெடுக்கக் கூடாது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அந்த வகுப்புகளில் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதுதான் தகுதி. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20% முன்னுரிமைக்கு, பள்ளியில் தமிழ்வழியில் படித்ததற்கான சான்று வேண்டும். வீட்டில் எவ்வளவு நல்ல தமிழில் படித்திருந்தாலும் அந்தச் சான்று கிடைக்காது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் ஹோம் ஸ்கூலிங் சட்டபூர்வமானது. விதிகள்தான் வேறு. டெக்சாஸ், நியூஜெர்சி மாநிலங்களில் அரசுக்கு முன்னறிவிப்புகூடக் கட்டாயமில்லை. நியூயார்க்கில் முன்னறிவிப்பு, பாடத் திட்டம், காலாண்டு அறிக்கை, ஆண்டு மதிப்பீடு எல்லாம் வேண்டும்.

சிங்கப்பூரில் கல்வி அமைச்சகத்திடம் விலக்கு பெற்றாக வேண்டும். பிள்ளை பிஎஸ்எல்இ தேர்வில் நிர்ணயித்த அளவை எட்டவும் வேண்டும். ஜெர்மனியில் பொதுவாக அனுமதியே கிடையாது. அதை எதிர்த்துப் போன பெற்றோரின் வழக்குகளை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006, 2019-ல் ஏற்கவில்லை. வேலை நிமித்தம் அங்கே போகும் குடும்பங்கள் விசாவுக்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

முடிவெடுக்கும் முன்...

* பிள்ளை ஏற்கெனவே பள்ளியில் இருந்தால், டி.சி.யைக் கையில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆதார், பிறப்புச் சான்றில் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.
* எந்தத் தேர்வு வழி என்பதை 12 வயதுக்குள் முடிவு செய்யுங்கள்.
* மனம் மாறினால் வழி இருக்கிறது. 14 வயது வரை நுழைவுத் தேர்வு இல்லாமல் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது அரசுப் பள்ளியின் கடமை. தேவைப்பட்டால் சிறப்புப் பயிற்சியும் உண்டு. 14-ஐத் தாண்டிவிட்டால் 9-ம் வகுப்பில் சேர்ப்பது அவ்வளவு சுலபமல்ல.
* எல்லாவற்றுக்கும் முன், பிள்ளைக்கு விருப்பமா என்று கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் தரும் உரிமை பெற்றோருடையது அல்ல, பிள்ளையுடையது.