முப்பது என்று எழுதிய காசு, பதினெட்டுக்குத்தான் போயிற்று!

காசில் 30 என்று பொறித்திருக்கிறது. அதிலுள்ள வெள்ளியை உருக்கி விற்றால் 12 அல்லது 13தான் தேறும். அதைச் சம்பளமாகக் கொடுத்தால் வாங்குவீர்களா?

போலந்து நாட்டுப் போர்வீரர்கள் 1663-ம் ஆண்டில் வாங்க வேண்டியதாயிற்று!

காலியான கஜானா

அப்போது அங்கே மன்னர் யான் காசிமீர். சுவீடனிலிருந்து வந்த வாசா வம்சத்தவர். இவருடைய தந்தை மூன்றாம் சிகிஸ்மண்ட் காலத்தில், 'தாலர்' என்ற கனமான வெள்ளி நாணயங்கள் அடிக்கப்பட்டன.

மகன் காலத்திலோ போருக்குமேல் போர். 1648-ல் அவர் அரசரானபோதே கோசாக்குகள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். 1654-ல் ருஷியா படையெடுத்தது, 1655-ல் சுவீடன். வார்சாவும் கிராக்கோவும் வீழ்ந்தன. மன்னர் சைலீஷியாவில் தஞ்சம் புகுந்தார்.

பிறகு திரும்பி வந்து நாட்டை மீட்டார். ஆனால் கஜானா காலி. 1661-ல் சம்பள பாக்கி கேட்டு வீரர்கள் அணி திரண்டார்கள்.

காசு பேசியது

அப்போது கைகொடுக்க வந்தவர் ஆந்திரேயாஸ் டிம்ப் என்ற நாணயச்சாலைக்காரர். வெள்ளியைக் குறைத்து, செம்பைக் கூட்டி, 30 குரோஷ் மதிப்பென்று காசு அடித்தார். அவர் பெயராலேயே அது 'டிம்ப்' ஆயிற்று.

குறையை மறைக்கவில்லை! 'நாடு பிழைத்ததே இதன் விலை. அது உலோகத்தினும் மேலானது' என்ற பொருளில் லத்தீன் வாசகத்தைக் காசிலேயே பொறித்தார்கள்.

கடைக்காரர்கள் வாசகத்தையா எடை போடுவார்கள்? 18 குரோஷுக்குத்தான் எடுத்துக்கொண்டார்கள். பழைய நல்ல வெள்ளிக்காசுகள் பெட்டிக்குள் ஒளிந்தன. கெட்ட காசு வந்தால் நல்ல காசு மறைந்துவிடும் என்று, வானநூல் மேதை கோப்பர்நிகஸ் 1520-களிலேயே போலந்து மன்னருக்காக எழுதி வைத்திருந்தார். யார் கேட்டார்கள்?

மூன்று எழுத்து

காசில் மன்னரின் முத்திரையாக ஐ, சி, ஆர் என்று மூன்று எழுத்துகள். 'யோவான் காசிமீர் அரசர்' என்பதன் லத்தீன் சுருக்கம். மக்களோ அதே எழுத்துகளுக்கு 'நாட்டின் கேட்டுக்குத் தொடக்கம்' என்று லத்தீனில் வேறு விரிவு கண்டு சிரித்தார்கள்.

1668-ல் மன்னர் முடிதுறந்தார். பிரான்ஸ் சென்று 1672-ல் அங்கேயே காலமானார்.

'நல்ல வேடிக்கைப் பேச்சு ஒரு டிம்ப் பெறும்' என்பது போலந்தில் இன்றும் வழங்கும் பழமொழி. ஆனால் அந்த வீரனுக்கு அது வேடிக்கையல்ல. சம்பளக் கணக்கில் 30, கடையில் 18. நடுவே போன 12 அவனுடைய உழைப்பு!