பூட் சிட்டியின் பில்லும் நானாவின் கொப்பியும்

கொட்டாஞ்சேனையில் நான் சிறு வயது முதல் போய்வரும் சில்லறைக் கடை ஒன்று இருக்கிறது. முகப்பு பத்தடிகூட வராது. அண்மையில் மஃரிபுக்குப் பின் அங்கு சென்றபோது கடை முன்னால் நாலைந்து பேரிடையே வாக்குவாதம். நடை தூரத்தில் இன்னுமொரு சுப்பர் மார்க்கட் திறந்திருக்கிறார்கள். "சாமான் சுத்தம், விலை எழுதி இருக்கு, ஆருட முகத்தையும் பார்க்கத் தேவையில்ல" என்றார் ஓர் இளைஞர். "மாசக் கடைசியில அங்க போய்ப் பாண் கடன் கேட்டுப் பாரு மகன்" என்றார் ஒரு மூதாட்டி. கடைக்கார நானா எதுவும் பேசாமல் ஐம்பது கிராம் தேயிலையைச் சுற்றிக் கொண்டிருந்தார்.

இந்த விவாதம் கொழும்புக்குப் புதிதல்ல. 1844இல் வியாபாரம் தொடங்கிய கார்கில்ஸ், 1983இல் ஸ்டேபிள்ஸ் வீதியில் முதலாவது பூட் சிட்டியைத் திறந்தது. இன்று எந்தக் கம்பனியின் சுப்பர் மார்க்கட்டையும் நம்மில் பலர் 'பூட் சிட்டி' என்றே அழைக்கிறோம். 1999 முதல் அந்நிறுவனம் ஹங்குரன்கெத்தவில் விவசாயிகளிடமே நேரடியாக மரக்கறி வாங்கத் தொடங்கியது. இடைத்தரகர் இல்லாத இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை.

வெள்ளவத்தையில் இந்தப் போட்டி அநேகமாக முடிந்துவிட்டது என்றே சொல்வேன். மாடி வீடுகள் பெருகின, வீட்டுக்கு வீடு பெரிய குளிரூட்டி வந்தது, மாதச் சாமானை ஒரே நாளில் வாங்கும் குடும்பங்கள் காலி வீதிக் கடைகளுக்குப் போகின்றன. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகள் வேறு. அன்றாடம் உழைப்பவர் அன்றாடம்தான் வாங்குவார். கால் கிலோ பருப்பு, இரண்டு முட்டை, ஒரு சோப்பு. 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தல் ஊரடங்கில் அடைபட்டபோது பல வீடுகளின் அடுப்பு எரிந்தது நானா போன்றவர்களின் கடன் கொப்பியால்தான்.

ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், என் வீட்டு மாதச் சாமானும் சுப்பர் மார்க்கட்டிலிருந்துதான் வருகிறது. வங்கி அட்டைக்குக் கிடைக்கும் கழிவை விட மனம் வருவதில்லை. நானாவிடம் வாங்குவது கறிவேப்பிலையும் அவசரத்துக்குத் தேங்காயும். அவருடைய கடையை மெலிய வைப்பவர்களில் நானும் ஒருவன்.

சிறு கடையை விலைதான் வீழ்த்துகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரிய சுப்பர் மார்க்கட்டுகள் மீது 2013இல் வற் வரி வந்தபோது சில்லறைக் கடைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும் என எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். 2024 ஜனவரியில் அந்த வரி 18 சதவீதமாகவும் உயர்ந்தது. ஆனால் பிஸ்கட் பொதியில் அச்சிட்ட உச்ச விலை இரண்டு இடத்திலும் ஒன்றுதானே.

உண்மையான வித்தியாசத்தை நானாவே சொன்னார். "பெரிய கடைக்குச் சாமானக் கொண்டு வந்து அடுக்கிக் குடுத்துட்டு, நாள் கழிச்சுத்தான் காசு வாங்குறான். எனக்கு லொறிய விட்டு எறக்க முந்திக் காசு கேட்கிறான் தம்பி."

கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கு பதினைந்து நாளில் விற்றுத் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து நாள் தவணை பெற்றவர், விநியோகத்தருக்கு ஒரு சதமும் கொடுக்குமுன் அதே அளவு சரக்கை மூன்று முறை விற்கலாம். வட்டியில்லாத மூலதனம் அவருக்கு ஊரார் பணத்தில் கிடைக்கிறது. நானாவோ தன் பணத்தை முதலிலேயே போட்டு, அதில் ஒரு பகுதியைக் கொப்பியிலும் எழுதிவிட்டு, மாத முடிவு வரை காத்திருக்கிறார். நாள் வட்டிக்காரரிடம் போக அவர் விரும்பவில்லை. ஆகவே அலுமாரித் தட்டுகள் பாதி காலி. காலியான தட்டைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த முறை வருவதில்லை.

நெதர்லாந்தில் 1932இல், தொடர்கடைகளின் போட்டியைத் தாங்க முடியாத தனிக் கடைக்காரர்களை மொத்த வியாபாரத்துடன் இணைத்து அட்ரியான் வான் வெல் என்பவர் உருவாக்கியதுதான் ஸ்பார். கடை அவரவருடையது, கொள்வனவு மட்டும் கூட்டாக. பின்னாளில் அது இலங்கையிலும் சுப்பர் மார்க்கட்டாக வந்து நின்றது வேடிக்கைதான்.

நானாவின் சுற்றுவட்டத்தில் மட்டும் இப்படி ஐந்து கடைகள். ஐவரும் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குத் தனித்தனி முச்சக்கரவண்டி பிடித்துப் போய், அதே பருப்பையும் சீனியையும் வாங்கி, ஐந்து முறை நாட்டாமைக் கூலி கொடுக்கிறார்கள். ஒரே லொறியில், ஒரே பில்லில் வாங்கினால் கூலி குறையும், மொத்த வியாபாரியிடம் தவணை கேட்கவும் வாய் வரும். விலைச்சீட்டு ஒட்டுவது, தராசைக் கண்ணுக்கு முன் வைப்பது போன்றவற்றுக்குப் பெரிய முதலும் தேவையில்லை. அந்த இளைஞர் கேட்டதும் அவ்வளவுதான்.

இதை நானாவிடம் சொன்னேன். கொப்பியை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"யோசனை நல்லம் தம்பி. லொறி வந்தா சாமான ஆருட கடையில எறக்குற?"

ஐவரில் இருவர் தம்மிடையே பேசி ஆறு வருடமாம். ஞாயிறு பின்னேரம் வந்து உட்கார நால்வர் சம்மதித்திருக்கிறார்கள். ஐந்தாமவர் இன்னும் பதில் சொல்லவில்லை.