குளோரின் மட்டும் போதாது

அறுபது ஆண்டு இடைவெளியில் டில்லியும் சிம்லாவும் ஒரே வழியில் ஒரே நோயைக் குடித்தன. குடிநீரின் தலைவிதி சுத்திகரிப்பு நிலையத்துக்கு முன்னும் பின்னும்தான் தீர்மானமாகிறது.

1955 நவம்பர் நடுவில், டில்லி வஜீராபாத் நீரேற்று நிலையத்தில் இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. மழைக்காலம் முடிந்து யமுனையில் வந்த வெள்ளம் வடிந்தபோது, ஆறு தன் தடத்தை மாற்றிக்கொண்டு, தண்ணீர் எடுக்கும் இடத்தை விட்டு விலகிப் போயிருந்தது. நிலையத்துக்குச் சற்றுக் கீழே ஆற்றில் விழும் நஜாப்கர் சாக்கடை, தள்ளிக்கொண்டு போக நீரோட்டம் இல்லாததால் பின்னோக்கி ஏறியது. ஏறி, குடிநீர் எடுக்கும் வாயிலுக்கே வந்து நின்றது. ஊழியர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அன்றைய அறிவுக்கு எட்டிய வரை சரியானதைச் செய்தார்கள்: குளோரினைக் கூட்டினார்கள். சுமார் ஒரு வாரத்தில் நிலைமை சீரடைந்தது.

அடுத்த சில நாட்களில் ஆஸ்பத்திரிகளில் பெரிய பரபரப்பு எதுவும் இல்லை. டைபாய்டு அதிகரிக்கவில்லை. வயிற்றுப்போக்கும் அதிகரிக்கவில்லை. குளோரின் தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். டிசம்பர் பிறந்ததும் மஞ்சள் காமாலை தொடங்கியது. ஜனவரி முடிவதற்குள் சுமார் 29,300 பேருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் வெளியே தெரியாமலே நோய் வந்து போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கர்ப்பிணிகளை நோய் குறிப்பாக வதைத்தது.

கூடுதல் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றிருந்தது. வைரஸ் தப்பிவிட்டது. இது விசித்திரம் ஒன்றும் இல்லை. சாக்கடை கலந்த நீரில் குளோரினைப் போட்டால் அதன் பெரும்பகுதியை அழுக்கும் அமோனியாவுமே தின்றுவிடுகின்றன. மிஞ்சுவதற்கு வீரியம் குறைவு. கலங்கிய நீரில் மிதக்கும் துகள்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸை அது நெருங்குவதே கடினம்.

எந்த வைரஸ் என்பது தெரிய ஒரு தலைமுறை பிடித்தது. டில்லி நோயாளிகளிடம் எடுத்து, பாதுகாத்து வைக்கப்பட்ட ரத்த மாதிரிகளை மீண்டும் சோதித்து, அது 'ஏ' வகையும் இல்லை, 'பி' வகையும் இல்லை என்ற முடிவை 1980இல் வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ரஷ்ய விஞ்ஞானி மிகயீல் பாலயான், ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட சிப்பாய்களின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே குடித்து, தாமே நோயில் விழுந்து, கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார் (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது). 1990 வாக்கில் அதற்கு ஹெபடைடிஸ்-இ என்ற பெயர் நிலைத்தது.

டில்லி சம்பவம் பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டது. அதன் பாடம் பொறியாளர்களின் மேஜை வரை முழுதாக வந்து சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. நாடெங்கும் குடிநீரைச் சோதிப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் இரண்டைத்தான்: குழாய் முனையில் குளோரின் மிச்சம் இருக்கிறதா, மலத்தில் வாழும் பாக்டீரியா இருக்கிறதா. வஜீராபாதில் 1955இல் இந்தச் சோதனையைச் செய்திருந்தால், தண்ணீர் தேர்வு பெற்றிருக்கவும் கூடும். இந்தியத் தர நிர்ணய அமைப்புக்கு இது தெரியும். குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்று சொல்லும் அதே விதி, வைரஸிலிருந்து பாதுகாப்பு தேவைப்பட்டால் 0.5 என்கிறது.

டில்லியில் நிஜமாகவே பயன் தந்தது வேறொன்று. 1959இல் வஜீராபாதில் யமுனைக்குக் குறுக்கே தடுப்பணை வந்தது. குடிநீர் அணைக்கு மேலே, நஜாப்கர் சாக்கடை அணைக்குக் கீழே. சாக்கடை பின்னோக்கி ஏறும் வழி அடைபட்டது. அதாவது மருந்தைவிட இடைவெளி உதவியது. ஆனால் அணையால் கீழே இருப்பதைத்தான் தடுக்க முடியும். ஹரியானாவின் தொழிற்சாலைக் கழிவும் ஊர்க் கழிவும் மேலிருந்து வரும் குளிர்மாதங்களில் ஆற்றில் அமோனியா ஏறிவிடுகிறது. அளவு 1 பிபிஎம்மை நெருங்கும்போதெல்லாம் வஜீராபாதிலும் சந்திராவலிலும் உற்பத்தியைக் குறைப்பதும் நிறுத்துவதும் வாடிக்கையாகிவிட்டது.

குளிர்காலம் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 1990-91 குளிரில் தொடங்கிய கான்பூர் காமாலையில் சுமார் 79,000 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. கங்கை நீர் வந்த பகுதிகளில் நோய் அதிகம். குழாய்க் கிணற்று நீரைக் குடித்த பகுதிகளில் குறைவு. 2015 டிசம்பரில் சிம்லாவின் முறை. அந்நகரத்தின் நீராதாரங்களில் ஒன்று அஸ்வனி கட் என்னும் ஓடை. அதற்கு மேலே, மல்யானாவில், நகரத்தின் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. சுத்திகரிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட நீர், குடிநீர் ஓடையில்தான் போய்ச் சேர்ந்தது. டில்லிக்கு ஆறு தடம் மாற வேண்டியிருந்தது. சிம்லாவில் வரைபடத்திலேயே விபத்து எழுதப்பட்டிருந்தது. நூற்றுக்கணக்கானோர் காமாலையில் விழுந்தார்கள், உயிர்களும் போயின. உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2016 தொடக்கத்தில் அஸ்வனி கட் நீர் நிறுத்தப்பட்டது. நோய்க்குக் காரணம் அதே ஹெபடைடிஸ்-இ.

ஆற்றிலும் ஓடையிலும் நீர் சுத்தமாகவே எடுக்கப்பட்டாலும், சுத்திகரிப்பு குறையின்றி நடந்தாலும், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி மண்ணுக்குள் கிடக்கிறது.

இந்திய நகரங்களில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் இருப்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அல்லது மூன்று நாளைக்கு ஒருமுறை. தண்ணீர் ஓடும்போது குழாயில் ஓட்டை இருந்தால் நீர் வெளியே கசியும், வீண்தான், ஆபத்தில்லை. வால்வை மூடிக் குழாய் காலியாகும்போது நிலைமை தலைகீழாகிறது. சுற்றிலும் ஊறிக் கிடக்கும் சாக்கடை நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே நுழைகிறது. தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் குழாயிலேயே நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். அவர்கள் இழுப்பது கார்ப்பரேஷன் நீரை மட்டுமல்ல. சாக்கடைக்கு நடுவே குடிநீர் இணைப்புக் குழாய் புகுந்து போகும் சந்துகள் இல்லாத ஊர் அநேகமாக இல்லை.

இதை எண்களில் காட்டிய ஊர் கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட். 2007-08 வாக்கில் அங்கே சில வார்டுகளில் மட்டும் குழாய்களை மாற்றி, 24 மணி நேரமும் நீர் தரும் திட்டம் தொடங்கியது. மற்ற வார்டுகளில் பழையபடி சில நாட்களுக்கு ஒருமுறைதான். நீராதாரம் ஒன்றே, சுத்திகரிப்பும் ஒன்றே. ஆராய்ச்சியாளர்கள் இரு பகுதிகளின் குழாய் நீரையும் எடுத்துச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். விட்டுவிட்டு நீர் வரும் வீடுகளின் மாதிரிகளில் 31.7 சதவிகிதத்தில் ஈ.கோலை இருந்தது. எந்நேரமும் வரும் வீடுகளில் 0.7 சதவிகிதம். நீர் திறந்துவிட்டவுடன் முதலில் வருவதுதான் மிக அழுக்கானது என்பதும் தெரிந்தது. குடத்தோடு வரிசையில் முதலாவதாக நிற்கும் பெண்ணுக்குக் கிடைப்பது அதுதான்.

நோயும் குறைந்ததா? 2015இல் வந்த தொடர் ஆய்வின் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை. குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கை, உணவு, தெரு என்று அதற்கு வேறு பல வழிகள் உண்டு. ஆனால் டைபாய்டு கண்ட வீடுகள் 42 சதவிகிதம் குறைவு. ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ரத்தத்தோடு போகும் வயிற்றுப்போக்கு 37 சதவிகிதம் குறைவு. வீட்டில் ஃபில்டர் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்குத்தான் குழாயின் யோக்கியதை உயிர்ப் பிரச்னை.

24 மணி நேரத் தண்ணீர் என்றாலே ஆடம்பரம் என்று முகம் சுளிக்கும் அதிகாரிகள் இந்த எண்களைப் பார்ப்பது நல்லது. ஒரிசாவின் பூரி 2021 ஜூலையில் அதைச் செய்ததாக அறிவித்தது: குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். மகளிர் குழுக்களைச் சேர்ந்த 'ஜலசாதி'கள் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பதோடு நீரையும் சோதிக்கிறார்கள்.

கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டமும் பெண்களை நம்புகிறது. ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரச் சொல்கிறது விதி. அதில் ஒரு சின்னக் குப்பி உண்டு. நீரை ஊற்றி மூடி வைத்தால், மலம் கலந்திருக்கும் பட்சத்தில் கறுத்துப்போகும். செலவு குறைவு, படிப்பறிவும் அதிகம் தேவையில்லை. ஆனால் கறுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு நாட்கள் ஆகும். அதற்குள் ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். வைரஸ் இருந்தால் குப்பி சொல்லாது. அதனால் குப்பியோடு இன்னொரு வேலையும் அந்தப் பெண்களுக்குத் தரப்பட்டிருக்கிறது: கிணற்றையும் தொட்டியையும் குழாயையும் சுற்றி வந்து, பக்கத்தில் கக்கூஸ் குழி எங்கே, சாக்கடை எங்கே, கசிவு எங்கே என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது.