பற்றாத அடுப்பும் படித்த பிள்ளையும்

ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ முறை பன்சன் விளக்கை ஏற்றியவன் நான், முதுகலை அறிவியல் மாணவன், வயது 23. அத்தகையவன் ஒரு வீட்டு அடுப்பின் முன் தலைகுனிந்து நின்றதை இங்கே எழுதுகின்றேன். நாணம் என்னுடையது, பாடமோ, அறை எடுத்துச் சமைத்துண்ணும் நம்மவர் அனைவருக்கும் உரியது.

படிப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்த நான், அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு வீட்டு மாடியறையில் குடியிருக்கின்றேன். வீட்டுக்கார அம்மாள் தலைமுறை தலைமுறையாக அல்சூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தவர். கிறிஸ்துமஸ் வந்தால் கேக் சுட்டு விற்பார். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்த வருவாய்தான். சென்ற டிசம்பரில் இருபது கேக்குகளுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. ஓவனோ பற்ற மறுத்தது! மேலே இருந்த பர்னர்கள் நன்றாக எரிந்தன. மழைக்காலம் முழுதும் மூடிக்கிடந்த கீழ் ஓவன் மட்டும் ‘டிக் டிக்’ என்று ஒலித்ததேயன்றித் தீ வரவில்லை.

“தம்பி, நீ சயின்ஸ் படிக்கிற பிள்ளைதானே, கொஞ்சம் பாரேன்” என்றார்.

பார்த்தேன். ஓவன் கதவை மூடிக்கொண்டு குமிழைப் பத்து வினாடி அழுத்தினேன். பற்றவில்லை. மறுபடியும் அழுத்தினேன். நான்கு முறை ஆயிற்று. பொறுமையிழந்து தீப்பெட்டியை எடுத்தேன்.

“வை தம்பி கீழே! முதலில் குமிழை மூடு, கதவைத் திற, வாடை போகட்டும். என் நாத்தனாருக்குப் புருவம் கருகினது இப்படித்தான்” என்று அதட்டினார் அம்மாள்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் சிலிண்டரில் உள்ளது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே மேலே பறந்துவிடாது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். காற்றில் அது சுமார் 2 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும் கலவையாகிவிடும். ஓவனின் கொள்ளளவு 60 லிட்டர் என்று கொள்வோம். அதில் 2 விழுக்காடு 1.2 லிட்டர், எடையில் ஏறத்தாழ இரண்டரைக் கிராம். மணிக்கு 200 கிராம் எரிக்கும் பர்னர் அந்த அளவை வெளியிட 45 வினாடி போதும். நான் அழுத்தியதோ 40 வினாடி! அடித்தளத்தில் தேங்கும் வாயு அதற்கு முன்பே அந்த அளவை எட்டியிருக்கும். அந்தத் தீக்குச்சி என்ன செய்திருக்கும் என்று எண்ணியபோது உடல் நடுங்கிற்று.

அப்படியானால் ஓவனில் பாதுகாப்பே இல்லையா? உண்டு. பர்னரின் அருகே தெர்மோகப்பிள் என்னும் வெப்ப இரட்டை ஒன்று இருக்கின்றது. இரு வேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1821-இல் சீபெக் கண்டார். தீ எரியும்வரை அச்சிறு மின்சாரம் ஒரு மின்காந்தத்தை இயக்கி வாயுக் கதவைத் திறந்து வைக்கும். தீ அணைந்தால் கதவு தானே மூடிவிடும். ஆனால், பற்றவைக்கும்போது அந்தக் கதவைத் திறந்து பிடிப்பது நம் விரலே! குமிழை அழுத்தியிருக்கும் அந்நேரத்தில் காவலன் உறங்குகின்றான். காவல் நம் கையில் இருக்கின்றது. அதனால்தான், 15 வினாடியில் பற்றாவிட்டால் விட்டுவிட்டு, கதவைத் திறந்து, ஒரு நிமிடமாவது பொறுத்தே மறுபடி முயலவேண்டும் என்று இத்தகைய அடுப்புகளின் கையேடுகள் கூறுகின்றன. நான் ஐந்து நிமிடம் என்பேன். வாடை இருந்தால் அது முற்றும் நீங்கும்வரை.

மறுநாள் காலை முறையாகத் தேடினேன். அம்முறை இதுதான்:

முதலாவது, வாயு வருகின்றதா? மேல் பர்னர் எரிந்தால் சிலிண்டரிலும் ரெகுலேட்டரிலும் குறையில்லை.

இரண்டாவது, பொறி சரியான இடத்தில் பாய்கின்றதா? ரெகுலேட்டரை மூடி, வாடை அறவே இல்லை என்று உறுதி செய்தபின், அறையை இருட்டாக்கிப் பொறியை மட்டும் இயக்கிப் பார்க்கவேண்டும். பொறியே இல்லையேல் மின்னிணைப்பையோ பேட்டரியையோ பார்க்கலாம்.

மூன்றாவது, பர்னரின் துளைகள் அடைத்துள்ளனவா? சிந்திய மாவும் சிலந்திக் கூடும் அடைப்பதுண்டு. ஆறிய பர்னரை மென்மையான பிரஷால் துடைக்கலாம். வாயு வரும் பித்தளை ஜெட்டில் மட்டும் ஊசி விடலாகாது. துளை பெரிதானால் தீயின் அளவே மாறிவிடும்.

நான்காவது, பற்றிய தீ குமிழை விட்டதும் அணைகின்றதா? அப்படியானால் குறை வெப்ப இரட்டையில். அதன் நுனியில் கரி படிந்திருக்கும், அல்லது நுனி தீயை விட்டு விலகியிருக்கும். துடைத்தும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.

எங்கள் ஓவனின் நோய் இரண்டாவது வகை. இருட்டில் பார்த்தபோது பொறி பர்னருக்குப் பாயாமல், பீங்கானின் மேல் படிந்த ஈரமும் எண்ணெய்க் கரியும் வழியாகப் பக்கவாட்டில் ஓடிற்று. ஓசை கேட்டது, தீ வராததன் காரணம் அதுவே! மின்னிணைப்பைத் துண்டித்து, உலர்ந்த துணியால் துடைத்துக் காயவிட்டோம். பிறகு கதவைத் திறந்து வைத்தே குமிழை அழுத்தினேன். முதல் முயற்சியிலேயே நீலச்சுடர் மலர்ந்தது. இருபது கேக்குகளும் குறித்த நாளில் வீடு சேர்ந்தன.

இன்னும் ஒன்று. அறையில் வாயு வாடை வீசினால் மின்விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணை அழையுங்கள். கசிவைச் சோதிக்கச் சோப்பு நீரே கருவி, தீக்குச்சி அன்று.

தோழர்களே, பற்றாத அடுப்பால் பட்டினிதான் வரும். தாமதித்துப் பற்றும் அடுப்பாலோ கேடு வரும். காரணம் தேடுமுன் காற்றுக்கு வழிவிடுங்கள். வெப்ப இயக்கவியல் படித்த எனக்கு இதைக் கற்பித்தவர் கல்லூரி வாசலை மிதியாத ஒரு தாய் என்பதை நன்றியோடு சொல்லி முடிக்கின்றேன்.