எலும்பு குறைந்த மேல்தாடையில் பல் பதியம்: பழவேற்காட்டு மீனவரை முன்வைத்து

மேல்தாடைக் கடைவாய்ப் பல்லை இழந்தவருக்கு அவ்விடத்து எலும்பு இருபுறமும் குறைகிறது. கீழே ஈறுமுகடு தேய்கிறது. மேலே மூக்கை ஒட்டிய காற்றறையாகிய சைனஸ் விரிந்து இறங்குகிறது. திருகு போன்ற டைட்டானியப் பதியம் ஊன்றி நிற்க எலும்பு போதாமற் போவது இதனாலேயே.

இதற்குரிய சைனஸ் உயர்த்தல் முறையை 1970களில் ஹில்ட் டேட்டம் கையாண்டார். பாய்னும் ஜேம்ஸும் 1980இல் கட்டுரையாக வெளியிட்டனர். தாடையின் பக்கவாட்டில் சிறு சாளரம் திறந்து, சைனஸின் மெல்லிய சவ்வைக் கிழியாமல் உயர்த்தி, அதன் அடியில் எலும்புத்தூள் நிரப்புவர். எஞ்சிய எலும்பு ஏறத்தாழ 5 மி.மீ.க்கு மேலிருப்பின், ஈறுமுகட்டின் வழியே உயர்த்தும் சம்மர்ஸ் முறை (1994) பெரும்பாலும் போதும்; பதியத்தையும் உடனே வைக்கலாம். மிகக் குறைந்திருப்பின், நிரப்பியது இறுக 6 முதல் 9 மாதங்கள் வரை காத்திருந்த பின்னரே பதியம்.

பாடநூல்கள் இக்காத்திருப்பை மாதக்கணக்கில் மட்டுமே குறிக்கின்றன. பழவேற்காடு ஏரியில் பாடு முறைப்படி வலையிடும் மீனவருக்குக் கணக்கு வேறு. பொன்னேரியில் ரயிலேறிச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு வரும் நாள் அவரது முறைநாளாயின், அன்றைய வருவாய் இல்லை. கன்ன எலும்பில் ஊன்றும் நீள்பதியம் காத்திருப்பைக் குறைக்கும். எனினும் அது பெரும்பாலும் மேல்வரிசை முழுதும் இழந்தோர்க்கே உரியது, சைனஸ் அழற்சிக்கும் இடமுண்டு. எனவே 6 மி.மீ. எலும்பு எஞ்சியிருப்பின் குட்டைப் பதியத்தையே முதலில் கருதவேண்டும் என்பது என் மதிப்பீடு. புகைப்பவரிடம் எலும்பு சேர்தல் தடைபடும் என்பதால் அவர்க்கு இது இன்னும் பொருந்தும். பல்லைப் பிடுங்கும் அன்றே குழியில் எலும்புத்தூள் இட்டால், தேய்வு ஓரளவு மட்டுப்படும்.