ரொக்கி மலைக்கு மூன்று தலைமுறை: அம்மம்மாவின் முழங்காலை வைத்துப் போடும் பயணத் திட்டம்

கோட்-டெ-நெய்ஜ்சில் வளர்ந்த எங்களுக்குச் சின்ன வயதில் "ட்ரிப்" என்றால் ரொறொன்ரோதான். கலியாணவீடோ, சாமத்தியவீடோ, செத்தவீடோ ஏதாவது ஒன்றுக்காக விடிய நாலு மணிக்கு எழும்பி, பின் சீட்டில் நாலு பேர் நெருக்கி இருந்து, 401இல் ஐந்தரை மணித்தியால ஓட்டம். கொஞ்சம் வசதியான வருடத்தில் நயாகராவும் சேரும். அதற்கு மேற்கே உள்ள கனடாவைப் பள்ளிக்கூட வரைபடத்தில் மட்டும் பார்த்தோம். அப்பாவுக்குக் கிழமைக்கு ஆறு நாள் உணவகக் குசினி, அம்மாவுக்கு ஷபனெல் தெருவில் தையல் வேலை. விடுமுறை எடுத்தால் அது ஊருக்குக் காசு அனுப்புவதில் குறையும்.

இப்போது எங்களுக்கு நாற்பது வயது. பிள்ளைகளுக்கு எட்டும் பதின்மூன்றும். அம்மா அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும், ரொக்கி மலையைக் கடைக் காலண்டரில் மட்டும் கண்ட ஆட்கள் அவர்கள். பிள்ளைகள் எங்களோடு வர மறுக்கும் வயதுக்கும், பெற்றோர் படி ஏற முடியாத வயதுக்கும் நடுவில் இரண்டு மூன்று கோடைதான் கிடைக்கும். அதனால்தான் விக்டோரியா அவென்யூ கடை வரிசையில்கூட இந்தப் பேச்சு அடிபடுகிறது: "இந்த முறை எல்லாரையும் கூட்டிக்கொண்டு பான்ஃப் போவமோ?"

போகலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பயணத் திட்டங்களில் பெரும்பாலானவை முப்பது வயதுச் சோடிகளுக்கானவை. சூரிய உதயத்துக்கு ஓர் ஏரி, மத்தியானம் பத்துக் கிலோமீற்றர் நடை, பின்னேரம் இன்னொரு ஊர். சீனி வருத்தமும் முழங்கால் நோவும் உள்ள ஒருவரை அந்தத் திட்டத்துக்குள் திணித்தால், மூன்றாம் நாள் "நீங்கள் போட்டு வாங்கோ, நான் ரூமில இருக்கிறன்" என்பார்கள். பிறகு மிச்ச நாள் முழுக்க அதே பதில்தான். அம்மம்மா எவ்வளவு தூரம் நடப்பார் என்பதை முதலில் அளந்து, அதைச் சுற்றி மற்றதைப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம் போதும்.

எப்போது போவது என்பதில் கியூபெக்காரருக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு. எங்கள் பள்ளிக்கூடங்கள் ஜூன் 24, சான்-ஜான் விடுமுறைக்கு முன்பே மூடிவிடும். அல்பேர்ட்டாப் பிள்ளைகள் இன்னும் சில நாள் வகுப்பில் இருப்பார்கள். அந்தக் கிழமையில் ஏரிகள் உருகி நிறம் எடுத்திருக்கும், சனம் கொஞ்சம் குறைவு. ஜூலை கடைசி இரண்டு கிழமை கட்டுமானத் தொழிலாளர் விடுமுறையில் பாதி மொன்றியலே வெளிக்கிடும், விமானக் கட்டணமும் ஏறும். ஓகஸ்ட்டில் காட்டுத்தீப் புகை ஒரு பயம். ஆஸ்துமா உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் அது சின்னப் பயமில்லை. 2024 ஜூலை 22 இரவு ஜாஸ்பர் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். இரண்டு நாளில் தீ ஊருக்குள் வந்து 358 கட்டடங்களை எரித்தது, ஏறத்தாழ ஊரின் மூன்றில் ஒரு பங்கு. ஜாஸ்பர் மறுபடி ஆட்களை வரவேற்கிறது, கருகிய மரங்களுக்கு நடுவே புதுப் பச்சையையும் காணலாம். ஆனால் அறை பதியும்போது இரத்துச் செய்தால் காசு திரும்புமா என்ற வரியைக் கட்டாயம் வாசியுங்கள்.

மொன்றியலில் இருந்தே காரில் போகலாமா என்று அப்பாமார் கேட்பார்கள். கல்கரிக்கு ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினாலும் ஐந்து நாள், அதில் கனதூரம் சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே காடு. பிள்ளைகளை மட்டும் கொண்டு போவதென்றால் நான் தடுக்கமாட்டேன். எழுபது வயது முதுகுகளோடு போவதென்றால் விமானத்தில் நாலரை மணித்தியாலம், அங்கே வான் வாடகைக்கு. அதுதான் என் தீர்ப்பு.

வானில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு சீட் மினிவானில் ஏழு பேர் ஏறினால் பின்னால் பெட்டி வைக்க இடமே இராது. ஆளுக்கு ஒரு சின்னப் பை என்று கட்டளை போட வேணும், இல்லாட்டி இரண்டு கார் எடுக்க வேணும். பார்க்ஸ் கனடாவின் வருடாந்த குடும்ப பாஸ் ஒரே வாகனத்தில் வரும் ஏழு பேர் வரைக்கும்தான் செல்லும். 17 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் நுழைவு இலவசம், 65க்கு மேல் கட்டணக் குறைப்பு உண்டு. 2025 கோடையில் ஜூன் 20 முதல் செப்டம்பர் 2 வரை எல்லாருக்குமே நுழைவு இலவசமாக இருந்தது. நீங்கள் போகும் வருடத்தில் என்ன நிலை என்று பார்த்துவிட்டுப் பாஸை வாங்குங்கள். பிள்ளைகளின் கார் சீட் விஷயத்தில் கியூபெக் சட்டத்தையே அங்கும் பிடியுங்கள்: 145 சென்ரிமீற்றர் உயரம் அல்லது ஒன்பது வயது.

தங்குவதற்குப் பான்ஃபைவிட கான்மோர் எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்குத் தோது. பூங்கா எல்லைக்கு வெளியே, பான்ஃபுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம், குசினியோடு வீடு எடுக்கலாம். கீழ்த்தளத்தில் படுக்கையறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்று கேளுங்கள். மலைப் பக்கத்து வீடுகள் பல மூன்று தளம். நாலைந்து இரவு அங்கேயே இருந்து பகலில் போய் வரலாம். ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டி இடம் மாறினால் வயது போனவர்கள் களைத்துவிடுவார்கள். அரிசி, மிளகாய்த்தூள், ரைஸ் குக்கர் எல்லாம் கொண்டு போகத்தான் போகிறீர்கள், சொல்லித் தடுக்க முடியாது. ஒன்று மட்டும்: அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையளவில் கொதித்துவிடும், பருப்பு அவிய நேரம் எடுக்கும். அம்மா அடுப்பைப் பிழை சொல்லுவார்.

கருவாடு பற்றியும் ஒரு வார்த்தை. கூடாரத்தில் தங்குகிறவர்களுக்குப் பூங்காவில் கண்டிப்பான விதி உண்டு. சாப்பாடு, கூலர், சட்டி, ஏன் பாத்திரம் கழுவிய தண்ணீர்கூட வெளியில் இருக்கக் கூடாது. மணம் பிடித்துக் கரடி வரும், சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டியும் வரலாம். கரடியிடமிருந்து 100 மீற்றர், எல்க் மானிடமிருந்து 30 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். "கிட்டப் போய் ஒரு படம்" என்று இறங்குவது அநேகமாகப் பிள்ளைகள் அல்ல, அப்பப்பாதான்.

இனி இடங்கள். மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்த வாகனங்களுக்கு அனுமதியில்லை. பார்க்ஸ் கனடா பஸ்ஸுக்கு முன்பதிவு வேண்டும். சீட்டுகளில் ஒரு பகுதி வசந்த காலத்திலேயே திறக்கும், மீதி இரண்டு நாள் முன்னதாக அங்கத்தைய நேரம் காலை 8 மணிக்கு. மாற்றுத்திறனாளி வாகன அட்டை உள்ளவர் கூட இருந்தால் காரிலேயே போக இடமுண்டு. உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ கியூபெக்கின் அந்த அட்டை இருந்தால் மொன்றியல் காரிலேயே மறந்துவிட்டு வராதீர்கள். அது ஆளுக்குரியது, காருக்கல்ல. கிடைக்காவிட்டால் கவலைப்படாமல் விட்டுவிடலாம். லேக் லூயிஸ் கரையில் ஒரு துண்டு சமதரை நடைபாதை இருக்கிறது, போ ஏரி வீதியோரத்திலேயே தெரியும். பனிப்பாறை அரைத்த கல்மாவு தண்ணீரில் மிதப்பதால் வரும் அந்த நீலத்தை இரண்டிலும் காணலாம்.

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே 230 கிலோமீற்றர். பெரும்பகுதியில் தொலைபேசி அலை இல்லை. வழியில் பெற்றோல் ஒரே இடத்தில், சஸ்காச்சுவான் ரிவர் க்ரொஸிங்கில், அதுவும் கோடையில். தண்ணீர் ஊற்றாத குழிக் கழிப்பறைகள்தான் அநேகம், கைதுடைக்கும் ஈரத்தாளும் ஒரு போத்தல் தண்ணீரும் அம்மம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். அத்தபாஸ்கா பனிப்பாறை லேக் லூயிஸிலிருந்து 125 கிலோமீற்றரளவு. கான்மோரில் இருந்து ஒரே நாளில் போய் வந்தால் 400 தாண்டும், அது வேண்டாம். ஜாஸ்பரில் இரண்டு இரவு தங்குங்கள். இல்லாட்டி போ ஏரியோடு வானைத் திருப்புங்கள், மூன்றில் இரண்டு பங்கு அழகை அதற்குள் கண்டிருப்பீர்கள்.

பூங்காவுக்குள் நெடுஞ்சாலைக்கு மேலே புல் முளைத்த பாலங்கள் தெரியும். மிருகங்கள் கடக்கக் கட்டியவை. பான்ஃபில் மேம்பாலம் 6, சுரங்கவழி 38. "கரடிக்கும் பாலமோ?" என்ற கேள்வி பின் சீட்டிலிருந்து நிச்சயம் வரும்.

பான்ஃப் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கேவ் அண்ட் பேசினை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மூன்று தலைமுறைக்கும் பொதுவான இடம் அதுதான். ஸ்டோனி நக்கோடா மக்கள் நெடுங்காலம் அறிந்திருந்த வெந்நீரூற்றை 1883இல் ரயில்பாதைத் தொழிலாளர் மூவர் "கண்டுபிடித்தார்கள்". 1885இல் அரசாங்கம் அதைச் சுற்றி ஒதுக்கிய நிலத்திலிருந்துதான் கனடாவின் தேசியப் பூங்காக்கள் தொடங்கின. திருகோணமலைப் பக்கத்து ஆட்கள் வீட்டில் இருந்தால் கன்னியா வெந்நீரூற்றுக் கதை உடனே வந்துவிடும்: ஏழு கிணறு, ஏழு சூடு, இராவணன். கேவ் அண்ட் பேசினில் குளிக்க முடியாது, பார்க்கத்தான். குளிக்க மேலே அப்பர் ஹொட் ஸ்ப்ரிங்ஸ் இருக்கிறது, தண்ணீர் 37 முதல் 40 பாகை. முழங்காலுக்கு இதம். இதய வருத்தமோ பிரஷரோ உள்ளவர்கள் முதலில் டொக்டரைக் கேட்கட்டும்.

அதே கேவ் அண்ட் பேசினில் இன்னொரு கண்காட்சியும் உண்டு. முதலாம் உலகப் போரில், 1915 முதல் 1917 வரை, இந்த இடத்திலும் காஸில் மலையடியிலும் கனடா ஒரு தடுப்பு முகாம் நடத்தியது. பெரும்பாலும் உக்ரேனிய ஏழைத் தொழிலாளர்கள். எதிரி நாட்டுக் கடவுச்சீட்டு என்பதே குற்றம். நாம் இன்று வான் ஓட்டும் பூங்காவின் பழைய வீதிகளில் அவர்களின் வேலை இருக்கிறது. பலகைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். அம்மம்மாவுக்குச் சொல்ல வேண்டியது பேரப்பிள்ளை. "இன்டர்ன்மென்ட் காம்ப்" என்பதற்குப் பிள்ளையிடம் தமிழ்ச் சொல் இராது, அம்மம்மாவிடம் இருக்கும். நாற்பது வருடம் எங்களிடமே சொல்லாத ஏதாவது ஒன்று அங்கே வரலாம், வராமலும் போகலாம். நீங்கள் குறுக்கே விழுந்து விளக்க வேண்டாம். அந்த இடத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள், அடுத்த முன்பதிவைப் பிந்திப் போடுங்கள்.

மருந்து விஷயம் சலிப்பானது, ஆனாலும் சொல்லத்தான் வேணும். கியூபெக் சுகாதார அட்டையை வேறு மாகாணத்து டொக்டர் ஏற்க மறுக்கலாம். நீங்கள் கட்டிவிட்டு வந்து கேட்டால் ராம்க் கியூபெக் விலைக்குத்தான் தரும், வித்தியாசம் உங்கள் பையிலிருந்து. அம்புலன்ஸ் செலவு அதில் சேராது. அரசாங்க மருந்துக் காப்புறுதி பொதுவாக கியூபெக்கில் வாங்கும் மருந்துக்குத்தான். ஆகவே குளிசைகளைக் கூடுதலாக எடுத்து, பாதியை ஒரு பையிலும் பாதியை இன்னொன்றிலும் வையுங்கள், நாட்டுக்குள்ளே போகும் பயணக் காப்புறுதியும் எடுங்கள். இன்சுலினை வெய்யிலில் நிற்கும் காரில் விடக் கூடாது. சுப்பர் விசாவில் வந்த பெற்றோர் என்றால், அவர்களின் காப்புறுதிப் பத்திரத்தில் ஏற்கெனவே உள்ள வருத்தங்கள் பற்றிய பகுதியை வாசியுங்கள். அவர்கள் இருந்தால் எல்லை தாண்டி யெலோஸ்டோன் போகும் யோசனைக்குத் தனி அமெரிக்க விசாவும் தேவை. பான்ஃபுக்கும் ஜாஸ்பருக்கும் அந்தத் தொல்லை இல்லை.

மலை நேரம் எங்களைவிட இரண்டு மணித்தியாலம் பிந்தியது. வீட்டில் ஐந்தரைக்கு எழும்புகிற அப்பா அங்கே மூன்றரைக்கு எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்தில் தேடுவார். அதைத் திட்டத்துக்குள் சேருங்கள்: அவரையும், நித்திரை வராத பேரனையும் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்கு லேக் லூயிஸுக்கு வெளிக்கிட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கலாம், அதற்கு மட்டும் தனிக் கட்டணம். மற்ற ஆட்கள் இரண்டாவது காரில் ஆறுதலாக வரட்டும்.

வானுக்குள் யார் எங்கே இருப்பது என்பதை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். அப்பப்பாவை முன் சீட்டில் வைத்தால் அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு பிரேக் பிடிப்பார். நடுச் சீட்டில் பேத்திக்குப் பக்கத்தில் வைத்தால் கதைப்பார். அலை இல்லாத வீதியில் பதின்மூன்று வயதுக்கும் வேறு வேலை இல்லை.

நாலாம் நாளை வெறுமையாக விடுங்கள். உடுப்புத் தோய்க்கவும் புட்டு அவிக்கவும் ஒரு நாள் வேணும். பிள்ளைகள் போ ஆற்றங்கரையில் கல் எறியட்டும். பின்னேரம் அம்மா தானாகவே, "எங்கயாவது போட்டு வருவமே?" என்று கேட்டால் பெய்ட்டோ ஏரி மேடையை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்காரருக்கு மேலே தனித் தரிப்பிடம் இருக்கிறது. 2,000 மீற்றருக்கு மேலே காற்று குளிர், ஜூலையிலும் அவருக்குத் தொப்பியும் கம்பளிச் சால்வையும் வேணும்.