நாட்பட்ட காய்ச்சலும் இதய வால்வும்

காய்ச்சல் என்றால் டெங்குவா, எலிக்காய்ச்சலா என்றே நாம் முதலில் பயப்படுகிறோம். அது நியாயமே. ஆனால் இரண்டு மூன்று கிழமையாக விட்டுவிட்டுக் காய்ந்து, இரவில் வியர்த்து, சாப்பாடு செல்லாமல் மெலிந்துபோகும் ஒருவரிடம், “உங்களுக்கு இதய வால்வில் பழுது ஏதும் உண்டா?” என்று கேட்பவர்கள் குறைவு.

இதயத்தின் உட்புறத்தையும் வால்வுகளையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. நலமான சவ்வில் கிருமிகள் இலகுவில் ஒட்டுவதில்லை. சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து வால்வு தழும்பேறியவர்கள், பிறவியிலேயே இதயக் குறையுள்ள சிலர், செயற்கை வால்வு பொருத்தியவர்கள் ஆகியோரின் நிலை வேறு. சூத்தைப் பல், வீங்கிய முரசு, சீழ்க்கட்டு என்பவற்றிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பற்றீரியா அங்கே தங்கிக் கட்டியாக வளரும். வால்வு அரிக்கப்படும். கட்டியின் துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும்.

1885இல் லண்டனில் வைத்தியர் வில்லியம் ஒஸ்லர் இந்நோய் பற்றி விரிவுரைகள் நிகழ்த்திய காலத்தில் பிழைத்தவர் அபூர்வம். 1940களில் பெனிசிலின் வந்த பின்னரே நிலைமை மாறியது. இன்றும் சிகிச்சை சுருக்கமானதல்ல. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிழமை வரை நாளத்தினூடாக மருந்து ஏற்றவேண்டும். சிலருக்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படும்.

இங்கேதான் எமது பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. பாமசியில் நாலைந்து அன்ரிபயோற்றிக் குளிசை வாங்கிப் போடுகிறோம். காய்ச்சல் தணிகிறது, சில நாளில் திரும்புகிறது. எந்தக் கிருமி என்று அறிய, மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்க்கவேண்டும். வழக்கமாக மூன்று தடவை எடுப்பார்கள். குளிசை போட்டிருந்தால் கிருமி அகப்படாமலே போகலாம். வைத்தியர் இருட்டில் தேடவேண்டியதுதான்.

வாதக்காய்ச்சலுக்காக மாதந்தோறும் பெனிசிலின் ஊசி போடுபவர்கள் அதுவே இதற்கும் காவல் என்று நினைக்கக்கூடாது. அந்த ஊசி வாதக்காய்ச்சல் மீண்டும் வராமல் தடுப்பதற்கானது. அதை நிறுத்தவும் கூடாது. பல்லைக் கவனிக்காமல் விடவும் கூடாது.

செயற்கை வால்வு உள்ளவர்களும், முன்பு இந்நோய் வந்தவர்களும் பல் பிடுங்குவதற்கு ஒரு மணித்தியாலம் அளவில் முன்னதாக ஒருவேளை மருந்து எடுக்கவேண்டும். பல் வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.